ஏழாம் புளொக்கில் நின்றுவிடும் வெள்ளம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் பாடசாலைக் கண்காட்சிக்கென்று மைன்கிராஃப்டில், அதாவது கனசதுரக் கட்டைகளை (புளொக்) அடுக்கி உலகம் கட்டுகிற கணினி விளையாட்டில், மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம், அதன் வாய்க்கால், ஒரு வயல் வட்டை, வாவி, கல்லடிப் பாலம், முகத்துவாரம் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் கட்டியிருக்கிறார். குளக்கட்டை உடைத்தால் வெள்ளம் வரவில்லையாம், கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிடுகிறதாம். வயலுக்குள் விட்ட தண்ணீர் ஒரு பட்டியாய் ஓடுகிறது, மிச்ச நிலம் காய்ந்து கிடக்கிறது. முகத்துவாரத்தை வெட்டினால் வாவி வற்றவும் இல்லை, வெட்டிய இடம் சரியாக நிரம்பவும் இல்லை, பள்ளம் மாதிரித் தெரிகிறது. பாலத்துக்குக் கீழே பாடும் மீனுக்காகப் புதைத்த, இசை ஒலிக்கிற நோட் புளொக் வாயே திறக்கவில்லை. கடைசியாக, கரண்ட் போய் லப்டொப் நின்ற ஒரு நாளுக்குப் பிறகு உலகத்தைத் திறந்தால் வாவியில் கரையிலிருந்து கரைவரை தண்ணீர் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. "இது கேமின் கிளிச்சா, நான் விட்ட பிழையா?" என்று கேட்கிறார்.

தம்பி, ஐந்தில் நான்கு கிளிச் இல்லை. அந்த விளையாட்டில் தண்ணீருக்கு எழுதிவைத்த சட்டம் அப்படித்தான். கடைசியில் சொன்ன தண்ணீர்ச் சுவர் மட்டும் உண்மையான கோளாறு. ஆனால் சட்டம் விளங்கினால்தான் கோளாறும் விளங்கும், ஆகவே சுவருக்குக் கடைசியில் வருகிறேன்.

என் அப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். இரவில் மண்வெட்டியும் டோர்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு வரப்பில் தண்ணீர் பாயும் வக்கடை பார்க்கப் போகிற ஆள். நான் முதன்முதல் இந்த விளையாட்டில் ஒரு குளம் கட்டிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கீழ போனா மேல குறையணும். இது குறையுதில்லையே, மனே." நான் பின்னர் எத்தனையோ விளக்கங்கள் வாசித்தேன், அதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை. மைன்கிராஃப்டில் தண்ணீருக்கு அளவு கிடையாது. இருப்பது சோர்ஸ் புளொக் ஒன்று, அதைச் சுற்றி எத்தனையாவது இடம் என்ற எண் ஒன்று. அவ்வளவுதான்.

சோர்ஸ் புளொக்கை இனி ஊற்று என்றே சொல்கிறேன். ஊற்றுக்குப் பக்கத்துப் புளொக் 1, அதற்கு அடுத்தது 2, இப்படியே 7 வரை போகும். எட்டாவது கிடையாது. சமதரையில் ஒரே ஒரு வாளியை ஊற்றிப் பாருங்கள், வைரக்கல் வடிவத்தில் பரவும். எண்ணினால் ஊற்றையும் சேர்த்து 113 புளொக். விளையாட்டின் கடிகாரம் செக்கனுக்கு 20 தரம் அடிக்கும், தண்ணீர் ஐந்து அடிக்கு ஒருமுறை ஓர் எட்டு வைக்கும். ஆகவே செக்கனுக்கு நான்கு புளொக். இரண்டு செக்கனுக்குள் உங்கள் வெள்ளம் ஏழாவது புளொக்கைத் தொட்டு முடிந்துவிடும். ஒவ்வொரு புளொக்கும் தன்னுடைய அயலவரிடம் மட்டும்தான் கேட்கிறது: "உன் எண் என்ன?" கேட்டதில் மிகக் குறைந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பின்னால் இருப்பது வாளியா, குளமா, சேனநாயக்க சமுத்திரமா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் குளம் 40 புளொக் ஆழமாக இருந்தாலும் அந்த ஆழத்தின் அழுத்தம் கட்டுக்கு வராது. கட்டில் ஒரு புளொக்கை உடைத்தால் ஓர் ஊற்றுக்குரிய தண்ணீர் வெளியே வரும், ஏழோடு நிற்கும், குளமும் ஒரு துளி குறையாது.

சேனநாயக்க சமுத்திரத்தைச் சொன்னபடியால் ஒரு கணக்கு. இங்கினியாகலையில் கட்டிய அந்தக் குளம் நிரம்பினால் சுமார் 95 கோடி கனமீற்றர் தண்ணீர் பிடிக்கும். மைன்கிராஃப்டில் ஒரு புளொக் ஒரு கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர். நம் ஆள் கையில் தூக்கித் திரிகிற சின்ன வாளிக்குள் ஒரு தொன் தண்ணீர் இருக்கிறது! ஃபில் கட்டளை (இரண்டு மூலையின் எண்களைச் சொன்னால் நடுவிலுள்ள பெட்டி முழுவதையும் நிரப்புவது) ஒரு தரத்துக்கு 32,768 புளொக்குக்கு மேல் போடாது, ஆகவே அந்தச் சமுத்திரத்தை நிரப்ப ஏறக்குறைய 29,000 தரம் கட்டளை அடிக்க வேண்டும். அதே விளையாட்டில், இரண்டுக்கு இரண்டு குழியில் எதிரெதிர் மூலையில் இரண்டு வாளி ஊற்றிவிட்டால் ஆயுள் முழுக்க மொண்டுகொண்டே இருக்கலாம். இரண்டு ஊற்றுக்கு நடுவில் அகப்பட்ட புளொக் தானும் ஊற்றாகிவிடும் என்பது சட்டம். அதற்குக் கீழே திண்மமான புளொக்கோ இன்னோர் ஊற்றோ இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இந்தச் சட்டத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் முகத்துவாரமும் தண்ணீர்ச் சுவரும் இதில்தான் தொங்குகின்றன.

ஏன் இப்படிக் கஞ்சத்தனமாக எழுதினார்கள் என்று கேட்பீர்கள். 2009 இல் வந்த ஆரம்பப் பதிப்பில் தண்ணீர் இப்படி இருக்கவில்லை. ஒரு புளொக் வைத்தால் போகக்கூடிய இடமெல்லாம் போய் நிரப்பிவிடும், ஏழு என்ற எல்லையே இல்லை. பலர் சேர்ந்து கட்டுகிற சேர்வரில் ஒரு குறும்பன் ஒரு தண்ணீர்ப் புளொக்கைக் கொண்டு எல்லாருடைய வீட்டையும் மூழ்கடிக்கலாம். அந்தக் காலத்துப் பஞ்சுப் புளொக் (ஸ்பொஞ்ச்) தண்ணீரை விரட்டி, தன்னைச் சுற்றி வரவிடாமலும் மறித்தது. பிறகுதான் ஏழு புளொக் சட்டம் வந்தது. வேறு வழியும் உண்டு. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் 1 முதல் 7 வரை அளவோடு இருக்கும், ஓடினால் அங்கே குறைந்து இங்கே கூடும், அழுத்தமும் உண்டு. பெரிய ஆறு ஒன்று அணை உடைத்து வந்தால் கணினி மூச்சுத் திணறும். டெராரியாவிலும் தண்ணீருக்கு அளவு உண்டு, ஆனால் அங்கே கதை தலைகீழ்: ஓடவிட்டு ஓடவிட்டுத் தண்ணீரைப் பெருக்குகிற தந்திரத்தை ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அளவு வைத்தாலும் கிளிச், வைக்காவிட்டாலும் கிளிச். என்னைக் கேட்டால் மைன்கிராஃப்ட்காரர் எடுத்த முடிவு சரி. வாவியைக் கட்டுகிற பிள்ளைக்கு வாவி அங்கேயே இருக்க வேண்டும், லப்டொப்பும் நிற்காமல் ஓட வேண்டும்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். குளத்திலிருந்து வாவிவரை தண்ணீர் ஓடிக் காட்ட வேண்டுமென்றால் ஏழு புளொக்குக்கு ஒரு படி கீழே இறக்குங்கள். விழுகிற தண்ணீர் தரையைத் தொட்டதும் மறுபடி புதிதாக ஏழு புளொக் ஓடும், விழுந்த கணத்தில் பழைய கணக்கு அழிந்துவிடும். படி வர வேண்டியது ஏழாவது புளொக்குக்குக் கீழே, எட்டாவதுக்கு அல்ல. அங்கேதான் எல்லாரும் சறுக்குவது. ஏழாவதுக்குக் கீழே வெறுமையாக இருந்தால் தண்ணீர் விழும், எட்டாவதை நோக்கி அது பக்கவாட்டில் எட்டியும் பார்க்காது. உங்கள் வாய்க்கால் 210 புளொக் நீளமென்றால் 30 படி, அதாவது குளம் வாவியைவிட 30 புளொக் உயரத்தில் நிற்க வேண்டும். நீர்ப்பாசனம் தெரிந்த ஒருவர் கண்காட்சிக்கு வந்தால் சிரிப்பார், ஏனென்றால் நிஜ வாய்க்கால் ஆயிரக்கணக்கான அடிக்கு ஓர் அடி என்ற மாதிரித்தான் சரியும். சிரிக்கட்டும். பக்கத்தில் ஒரு மட்டையில் "ஏழுக்கு ஒன்று இந்த விளையாட்டின் சரிவு" என்று எழுதி வையுங்கள், அதுவே நல்ல பாடம்.

வயல் விஷயம் சின்னது. தண்ணீர் சமதரையில் பரவுமுன் பக்கத்தில், நாலைந்து புளொக் தூரத்துக்குள், இறங்க ஒரு குழி இருக்கிறதா என்று தேடும். இருந்தால் மற்றத் திசைகளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் மட்டும் ஓடும். நீங்கள் வயலின் மூலையில் வடிச்சலுக்கென்று ஒரு குழி விட்டிருப்பீர்கள். அதை மூடுங்கள், பட்டி போய்விடும். இன்னொன்று, பயிருக்குத் தண்ணீர் நிரம்பி நிற்கத் தேவையில்லை. ஒரு புளொக் தண்ணீர் நாற்புறமும் நான்கு புளொக் தூரம் மண்ணை ஈரமாக்கும், ஒன்பதுக்கு ஒன்பது வயலுக்கு நடுவில் ஒன்று போதும். நெல் வைக்கத் தேடாதீர்கள், இதில் நெல்லே இல்லை. கோதுமைதான். மட்டக்களப்பு வட்டையில் கோதுமை விளையும் அதிசயத்தையும் மட்டையில் எழுதலாம்.

முகத்துவாரம்தான் எனக்குப் பிடித்த கேள்வி. நிஜத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கோடையில் பாலமீன்மடுப் பக்கம் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மாரியில் வாவி பெருத்துப் படுவான்கரை வயல்களுக்குள் தண்ணீர் ஏறும்போது "வெட்டு" என்பார் வேளாண்மைக்காரர், "பொறு" என்பார் மீன்பிடிக்காரர். வெட்டினால் முதலில் ஒரு சின்ன ஓடை, பிறகு தண்ணீரே மணலை அரித்து வாயைத் தானாக அகலமாக்கும், வாவி மளமளவென்று இறங்கும். விளையாட்டில் இதில் ஒன்றும் நடக்காது. வாவி முழுக்க ஊற்று, கடலும் முழுக்க ஊற்று. மணலை அரிக்கிற வேலை தண்ணீருக்குத் தெரியாது. ஊற்று இடம்பெயராது, குறையாது.

சரி, வாவி இறங்காவிட்டால் போகட்டும், வெட்டிய வாய்க்காலாவது நிரம்பக் கூடாதா? அங்கேதான் இரண்டு ஊற்றுச் சட்டம். உங்கள் வெட்டு ஆறு புளொக் நீளம் என்று வைத்துக்கொள்வோம். வாவியோடு ஒட்டிய முதல் வரிசைப் புளொக்குக்கு ஊற்றான அயலவர் ஒருவர்தான், வாவிப் பக்கத்தவர். இரு பக்கமும் மணல் அல்லது ஓடுதண்ணீர். ஓர் ஊற்று போதாது, ஆகவே அது ஓடுதண்ணீராகவே கிடக்கும். வாய்க்காலை எத்தனை அகலமாக வெட்டினாலும் இதே கதைதான், அகலம் உதவாது. வாவியிலிருந்து வருவதும் கடலிலிருந்து வருவதும் நடுவில் சந்தித்து, மட்டம் தாழ்ந்த ஒரு பள்ளமாய்த் தெரியும். கடற்கரையில் ஒழுங்காய் நிரம்பாத குழிகளைப் பார்த்து ஆட்கள் கிளிச் என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இதற்குத்தான். நேரான விளிம்பு தானாக ஆறாது. மூலைதான் ஆறும், மூலையில் மட்டும்தான் ஒரு புளொக்குக்கு இரண்டு பக்கமும் ஊற்று.

வைத்தியம் சுலபம். வாவியோடு ஒட்டிய முதல் வரிசையில், கரையோரமாக ஒரு வாளி ஊற்றுங்கள். அதற்குப் பக்கத்துப் புளொக்குக்கு இப்போது முன்னால் வாவி, பக்கத்தில் உங்கள் வாளி, ஆக இரண்டு. அது ஊற்றாகும், அதைப் பார்த்து அடுத்தது ஆகும், வரிசை முழுக்கச் சடசடவென்று மட்டமாகிவிடும். பிறகு இரண்டாம் வரிசைக்கு ஒரு வாளி. ஆறு வரிசைக்கு ஐந்து வாளி போதும், கடைசி வரிசைக்கு முன்னும் பின்னும் ஊற்று வந்துவிடுவதால் அது தானாக நிரம்பும். வெட்டு ஆழமாக இருந்தால் அடித்தட்டிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். மேல்தட்டில் தொடங்கினால் கீழே ஊற்றும் இல்லை, தரையும் இல்லை என்பதால் எத்தனை வாளி ஊற்றினாலும் பக்கத்துக்குத் தொற்றாது. வாளி பிடிக்க அலுப்பென்றால் ஃபில் கட்டளையில் தண்ணீருக்குப் பதில் தண்ணீர் போடச் சொல்லுங்கள். கேட்கப் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் லப்டொப்பில் ஓடுகிற ஜாவா பதிப்பில் ஓடுதண்ணீருக்கும் ஊற்றுக்கும் பெயர் ஒன்றுதான், அந்தக் கட்டளை அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஓடுதண்ணீர் எல்லாவற்றையும் ஊற்றாக்கிவிடும். போனில் ஓடுகிற பெட்ரொக் பதிப்பில் ஓடுதண்ணீருக்குத் தனிப் பெயர் உண்டு, அங்கே அந்தப் பெயரைச் சொல்லி மாற்ற வேண்டும்.

வாவி இறங்குவதைக் கட்டாயம் காட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு கள்ள வழி இருக்கிறது. வாவியைக் கடல்மட்டத்தைவிட இரண்டு புளொக் உயர்த்திக் கட்டுங்கள், வாயை மணலால் அடைத்து வையுங்கள். வாயைத் திறந்ததும் ஒரு கொமாண்ட் புளொக் (எழுதிவைத்த கட்டளையைத் தானாக அடிக்கிற புளொக்) வாவியின் மேல்தட்டுத் தண்ணீரைக் காற்றாக்கட்டும், சில செக்கன் விட்டு இன்னொன்று அடுத்த தட்டை எடுக்கட்டும். 181க்கு 181 புளொக் பரப்புள்ள ஒரு தட்டு ஃபில் கட்டளையின் எல்லைக்குள் மயிரிழையில் அடங்கும், உங்கள் வாவி அதைவிடச் சிறிது என்றே நினைக்கிறேன். பார்க்கிறவருக்கு வாவி வடிகிற மாதிரியே இருக்கும். ஏமாற்றுத்தான், ஆனால் 2011 சனவரி வெள்ளத்தைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று விளக்கினால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

தண்ணீரின் இந்த முடிவற்ற தன்மையே வேண்டாமென்றால் 2022 டிசம்பரில் வந்த 1.19.3 பதிப்பிலிருந்து இரண்டு ஊற்றுச் சட்டத்தை நிறுத்த ஓர் உலக விதி இருக்கிறது. நிறுத்தினால் மொண்ட இடம் பள்ளமாகவே இருக்கும். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். இருக்கிற ஊற்று அப்போதும் குறையாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்பா சொன்ன குறை அதனால் தீராது.

பாடும் மீன். இதைக் கேட்டு உண்மையில் சிரித்தேன், மன்னிக்க வேண்டும். நோட் புளொக் சத்தம் போட அதற்கு நேர் மேலே காற்று இருக்க வேண்டும், தண்ணீர் இருந்தால் ஊமை. கல்லடியில் நிலாக்காலத்தில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அங்கே தண்ணீர்தான் பாட்டைக் கொண்டுவருகிறது, இங்கே அதே தண்ணீர்தான் வாயைப் பொத்துகிறது. நோட் புளொக்குக்கு மேலே ஒரு புளொக் காற்று விட்டு, அந்தக் காற்றைச் சுற்றியும் மேலேயும் கண்ணாடி வைத்து அடையுங்கள். நோட் புளொக்கை இயக்க வயர்போல் போடுகிற ரெட்ஸ்டோன் தூளையும் தண்ணீர் படாமல் கொண்டுபோங்கள், ஓடுதண்ணீர் தொட்டால் தூள் கழன்று மிதக்கும். பாலத் தூணுக்கு வேலிக்கட்டை போட்டிருந்தால், 2018 இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து அது தண்ணீரையும் தனக்குள் வைத்துக்கொள்ளும். கையால் ஊற்றுக்குள் வைத்தால் தானாக நனையும். கட்டளையால் போட்டவை வறண்டு தெரியக்கூடும், அவற்றின் மேல் வாளியை ஒருமுறை ஊற்றினால் சரி.

இப்போது அந்தச் சுவர்.

விளையாட்டு உலகத்தை ஒரே பாயாக வைத்திருப்பதில்லை. 16க்கு 16 புளொக் பரப்பில், அடிமுதல் உச்சிவரை, தூண் தூணாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு தூணைச் சங்க் என்பார்கள். லப்டொப்பின் வட்டில் (டிஸ்க்) எழுதும்போதும் சங்க் சங்காகத்தான் எழுதும், எல்லாவற்றையும் ஒரே கணத்தில் எழுதுவதில்லை. உங்கள் வாவியை நீங்கள் முதலில் தோண்டினீர்கள், பிறகு நிரப்பினீர்கள். கரண்ட் போன நேரத்தில் சில சங்க் நிரம்பிய நிலையில் வட்டுக்குப் போய்விட்டது, சில சங்க் தோண்டிய நிலையிலேயே வட்டில் கிடந்தது. லப்டொப் பற்றரி பழசாய் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் செத்திருக்காது. திரும்பத் திறந்தபோது ஒரு பக்கம் இன்றைய வாவி, அடுத்த பக்கம் நேற்றைய குழி. நடுவில் வெட்டிவைத்த மாதிரி நேர்கோடு.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜாவா பதிப்பில் எஃப்3 விசையை அழுத்திக்கொண்டு ஜி விசையைத் தட்டினால் சங்க் எல்லைக் கோடுகள் தெரியும். சுவர் அந்தக் கோட்டிலேயே நின்றால் நான் சொன்னதுதான் காரணம். எஃப்3 திரையில் ஆள்கூறைப் பார்த்தும் பிடிக்கலாம், சுவரின் ஒரு பக்கத்துப் புளொக்கின் எண் 16ஆல் மீதியில்லாமல் வகுபடும். உதாரணமாக ஒரு பக்கம் 111, மறுபக்கம் 112.

சரி, குழிக்குப் பக்கத்தில் நிற்கிற தண்ணீர் ஏன் பாயவில்லை? இதுதான் இந்த விளையாட்டுத் தண்ணீரின் இரண்டாவது குணம். முதலாவது, அளவு இல்லை. இரண்டாவது, தட்டி எழுப்பாமல் அது எழும்பாது. அமைதியாகிவிட்ட தண்ணீர் தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பக்கத்தில் ஒரு புளொக் வைத்தால், உடைத்தால், மாறினால் ஒரு செய்தி போகும், அதைப் புளொக் அப்டேட் என்பார்கள். அது வந்தால்தான் கண் விழித்து "அட, பக்கத்தில் வெறுமை" என்று ஓடத் தொடங்கும். வட்டிலிருந்து உலகத்தைத் திறப்பது மாற்றமாகக் கணக்கில் வராது. திறக்கும்போதே எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தால் என்ன என்று நினைப்பீர்கள். ஒரு சங்க் இப்போதைய பதிப்பில் 384 புளொக் உயரம், அதாவது 98,304 கட்டம். உங்களைச் சுற்றிப் பத்துச் சங்க் தூரம் பார்த்தால் 441 சங்க், நான்கு கோடிக்கு மேல் கட்டம். உள்ளே நுழையும்போதெல்லாம் அத்தனையையும் தட்டித் தட்டிக் கேட்க முடியாது. ஆகவே தண்ணீர் நிமிர்ந்து நிற்கிறது, தானொரு சுவர் என்று தெரியாமலே. அணையில்லாமல் நிற்கிற குளம்!

அவசரப்பட்டுச் சுவரைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த இடம் விழித்து, அது பக்கத்தையும் எழுப்பத் தொடங்கும். ஓரமாக நீர்வீழ்ச்சியாய் விழுந்து அடியில் மெல்லிய தண்ணீராய்ப் பரவி ஏழோடு நிற்கும். குழி நிரம்பாது, கீழே கட்டியவை நனைந்து கழன்றதுதான் மிச்சம். இதிலும் மூலைச் சட்டம் பொருந்தும். காணாமல்போனது ஒரே ஒரு சங்க், அதைச் சுற்றி நாற்புறமும் தண்ணீர் என்றால் மூலையில் தொட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூலையில் இரண்டு ஊற்று சந்திப்பதால் அங்கிருந்து தொடங்கி அடித்தட்டு நிரம்பும், பிறகு அடுத்த தட்டு, இப்படியே மேல்மட்டம்வரை காயம் தானாக ஆறிவிடும். உங்களுடையது கரையிலிருந்து கரைவரை போகிற ஒரே நேர்ச்சுவர். அதற்கு மூலை இல்லை, அது ஆறாது.

ஆகவே உங்களுக்கு ஒரே வழி, குழியான பக்கத்தை ஃபில் கட்டளையால் நிரப்புவது: காற்றை மட்டும் தண்ணீராக்கு என்று. "காற்றை மட்டும்" என்பதை விட்டுவிட்டால் பாலத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும், நான் ஒருமுறை அரைப் பாலத்தை அப்படி இழந்திருக்கிறேன். அடித்தட்டிலிருந்து வாவியின் மட்டம்வரை மட்டும் போடுங்கள். உலகம் உருவாகும்போது வருகிற கடலின் மேல் தண்ணீர்ப் புளொக் உயர எண் 62இல் இருக்கும், உங்கள் வாவியைக் கடலோடு சமமாகக் கட்டியிருந்தால் அதே எண்தான். நோட் புளொக்குக்கு மேல் கண்ணாடிக்குள் விட்ட காற்றும் காற்றுத்தான், கட்டளை அதையும் நிரப்பிவிடும். ஆகவே மீன் வேலையைச் சுவர் வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு இன்னும் நாள் இருந்து, பாடசாலைக் கணினிகளில் ஓட்ட வேண்டுமென்றால் லுவாண்டியையும் பாருங்கள். முன்பு மைன்டெஸ்ட் என்றிருந்து 2024 இல் பெயர் மாறிய இலவச மென்பொருள், பழைய இயந்திரத்திலும் நகரும். அதில் ஓடுகிற மைன்டெஸ்ட் கேம் என்ற விளையாட்டில் ஆற்றுநீர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது இரண்டு புளொக்குக்கு மேல் ஓடாது, இரண்டு ஊற்று சேர்ந்தாலும் மூன்றாவது பிறக்காது. சரிவான ஆற்றில் ஊற்று பெருகிக் கரை தாண்டிவிடக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். படிப்படியாக இறங்குகிற வாய்க்காலுக்கு அது அடக்கமான தண்ணீர். ஆனால் கட்டியதை இனி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய வேலை, இரண்டு கிழமைக்குள் என்றால் நான் தொடமாட்டேன்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஃபில் கட்டளையைப் பின்வாங்க முடியாது. இன்றிரவு விளையாட்டை மூடிவிட்டு உலகக் கோப்புறையை முழுதாக ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள், பிறகு சுவரில் கை வையுங்கள். நிரப்பிய பிறகும் சுவர் இருந்த கோட்டில் மேற்பரப்பு நெளிந்து தெரிந்தால் அந்தக் கோட்டின் இரு முனைகளின் ஆள்கூறுகளையும் எழுதி அனுப்புங்கள், கட்டளையை நான் சரிபார்த்துத் தருகிறேன்.